கடைசிப் பாட்டும் மெயின் சுவிட்சும்

என் மகள் ஹெவி மெட்டல் பாடுகிறாள். பாடுகிறாள் என்று சொல்வது ஒரு வழக்கத்துக்குத்தான், அடிவயிற்றிலிருந்து கத்துகிறாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. சனி, ஞாயிறு என்றால் பேண்டு. மொத்தம் நாலு பேர். டிரம்ஸ்காரர் ஆனேக்கல்லில் இருந்து வருகிறவர், பாதி கன்னடம் பாதி தமிழ்.

போன வருடம் முதல் ஆல்பம் செய்தார்கள். பேரிகைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் ரோஜாத் தோட்டத்தில், பூ வைக்கும் குளிரறை ஒன்று ஓடாமல் கிடந்தது. கனமான சுவர். கதவைச் சாத்தினால் வெளியே டிராக்டர் போவதுகூடக் கேட்காது. அதையே ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார்கள்.

எட்டுப் பாட்டில் ஏழு முடிந்திருந்தது. எட்டாவதன் முடிவில் ஒரு நீண்ட கத்தல். அது மட்டும் அவள் நினைத்தபடி வரவில்லை. மாதக்கணக்கில் முயன்றாள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொண்டை தாங்காது. இரவல் வாங்கிய மைக்கை அந்த ஞாயிறு மாலை திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அன்று மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு போனேன். கதவருகே நின்றபோது ஒரு சத்தமும் இல்லை. திறந்தேன். ரெக்கார்டிங்கில் கிட்டாரும் டிரம்ஸும் பாடுகிறவரின் ஹெட்போனுக்குள் மட்டும்தான் ஓடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அறையில் இசையே இல்லை. என் மகள் குனிந்து, கண்ணை இறுக மூடி, அலறிக்கொண்டிருந்தாள்.

கேரியரை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினேன்.

இருட்டு.

"ஏனாய்த்து? கரண்ட் ஹோய்த்தா?" என்றார் டிரம்ஸ்காரர்.

"கரண்ட்டு போவல. எங்கப்பா வந்துருக்காரு," என்றாள் மகள்.

கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. அந்தக் கத்தல் பதிவாகவில்லை.

"அதுதாம்ப்பா சரியா வந்துச்சு." திட்டவில்லை. செல்போன் வெளிச்சத்தில் என் கையைப் பார்த்தாள். அது இன்னும் சுவிட்சை விடவில்லை. "ஏம்ப்பா இன்னும் அதப் புடிச்சிக்கினு நிக்கற?"

வீட்டில் சொல்லாததை அங்கே சொன்னேன். நான் கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். அதற்கு முந்தைய வருடம், பகல் ஷிஃப்டில், ஓர் ஆபரேட்டரின் கை மெஷினில் மாட்டிக்கொண்டது. கத்தினார். பிரஸ் ஓடும் இடத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். டீக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் மெஷின் இன்னொரு முறை இறங்கிவிட்டது. மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். ஓடி வந்து அழுத்தியது வேறொருவர். மூன்று விரல் போயிற்று.

மகள் என் கையை விலக்கிச் சுவிட்சை ஏற்றினாள். பிறகு காலிப் பூப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துச் சுவிட்சுக்குக் கீழே போட்டாள். "இங்க உக்காரு. இன்னொருதரம் பாடறன். என்னயே பாத்துக்கினு இரு. பயமா இருந்தா மறுபடி ஆஃப் பண்ணிக்க."

"அங்கிள், பண்ணிடாதீங்க அங்கிள்!" என்றார் டிரம்ஸ்காரர்.

இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. கத்தும்போதே கட்டைவிரலை எனக்கு உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அவளுக்குத் தொண்டை தாங்கவில்லை. அதுதான் ஆல்பத்தில் போயிற்று.

ஆல்பம் இணையத்தில் வெளியானதும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் காதில் மாட்டிக் கேட்டார். சூளகிரி வந்தபோதுதான் கழற்றினார். பிறகு, "சார், காலைல பாப்பாவ எதுனா திட்டுனீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

இசை பற்றி எழுதுகிற ஒருவர் நன்றாகவே பாராட்டியிருந்தார். கடைசிப் பாட்டில் மட்டும் குரல் அடங்கி நிற்கிறது, யாரோ எதிரில் இருப்பதுபோல் பாடகி ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று ஒரு வரி.

"கரெக்ட்டா கண்டுபுடிச்சிட்டாம் பாருப்பா!" என்று மகள் வாசித்துக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் பெங்களூரில் ஒரு சின்ன அரங்கில் எட்டுப் பாட்டையும் மேடையில் பாடினார்கள். எனக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள். ஏழு பாட்டுக்கு அங்கேயே நின்றேன். எட்டாவது தொடங்கியதும் அவளுக்குத் தெரியும்படி கையை அசைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் கத்தல் கிளம்பியது. என் கை தானாகச் சுவரைத் தடவியது. அங்கே வெறும் சுவர்தான். கத்தல் நீண்டது, இன்னும் நீண்டது, குளிரறையில் கேட்டதைவிடவும் நீண்டது. முடிந்ததும் கூட்டம் போட்ட கூச்சல் கதவை அதிரவைத்தது.

உள்ளே போனேன். வியர்வையோடு மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"எங்கப்பா போன?" குரலே இல்லை அவளுக்கு.

"வெளியதான் நின்னன். முழுசா கேட்டன்," என்றேன்.