காலி ஜீப்

யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை விழுப்புரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் போயிருந்தபோது முருகேசன் என்ற கூலிக்காரர் ஓடிவந்து மறித்தார்.

"என் சம்சாரம் பிரசவ வலியில துடிச்சிக்கினு இருக்குதுங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

அவளோடு முருகேசனும் அவருடைய தம்பிகள் மூவரும் ஏறினார்கள். வழியில் பெண்ணையாற்று மணல். "பாரம் ஏறுனா வண்டி பூந்துக்கும். நீங்க எறங்குங்க" என்று தம்பிகள் மூவரையும் இறக்கிவிட்டேன்.

ஆற்றில் பின்சக்கரங்கள் சுழன்று மணலைத் தோண்டின. சின்ன கியர் கம்பியை இழுத்து முன்சக்கரங்களுக்கும் விசை கொடுத்தேன். நான்கும் சேர்ந்து இழுக்க, வண்டி கரையேறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு பள்ளமும் அவளைத் தூக்கிப் போட்டது.

"மெதுவாப் போங்கண்ணா" என்று அழுதாள். மெதுவாகப் போயும் உதறல் குறையவில்லை.

அவள் பிழைத்தாள். குழந்தை இறந்தே பிறந்தது. "வண்டியில ஏறுறதுக்கு முன்னாடியே உயிர் போயிருக்கலாம், சொல்ல முடியாது" என்றார் டாக்டர். முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா இவளும் போயிருப்பாளுங்க" என்றார்.

சில மாதங்கள் கழித்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளோடு திண்டிவனத்துக்கு இன்னொரு மோசமான பாதையில் போனேன். வண்டி உதறவே இல்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். ராணுவச் சுமைக்காக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள் பாரத்தில் வளைந்து அதிர்ச்சியைத் தாங்கியிருந்தன. காலி வண்டியில் அவை வளைந்துகொடுக்கவில்லை.

ஆற்றைத் தாண்டியதும் அந்தத் தம்பிகள் மூவரையும் மறுபடி ஏற்றியிருக்கலாம். அவர்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். நிறுத்தவில்லை.