கறிச்சோற்றோடு போன லாடம்

சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, கொல்லிமலை தெரிகிற ஒரு தரிசுக்காட்டில் சுப்பம்மாளுக்குக் காவல் வேலை. எதற்குக் காவல்? இடுப்பு உயரக் கம்பத்தில் மாட்டிய ஒரு குழாய்க்கும், அதனடியில் துணிப்பந்தல் போட்டு வைத்திருந்த ஒரு பெட்டிக்கும். "இதுக்கொரு ஆளா!" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே. வெள்ளைக்கல் சுமந்தும் கோழிப்பண்ணையில் கூட்டியும் முதுகொடிந்தவளுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை வாய்த்தால் விட்டுவிடுவாளா?

வேலை கொடுத்தவள் பிரவீனா. பூமிக்கடியில் கனிமம் தேடும் குழுவில் இருந்த இளம் பெண். தினமும் காலையில் அவர்களுடைய ஹெலிகாப்டர் கிளம்பும். அதன் வயிற்றிலிருந்து நீண்ட கயிறு. கயிற்றின் முனையில் ஒரு கருவி. மரவள்ளிக் காடுகளுக்கு மேலே, ஏர் ஓட்டுவதுபோல வரிசை பிடித்துப் போய்ப் போய்த் திரும்பும். மண்ணைத் தொடாமலே அடியில் கிடக்கும் பாறையின் காந்தத்தை அது அளந்துவிடுமாம்.

"பூமியோட காந்தமே வெயில் ஏற ஏறக் கொஞ்சம் மாறும்க்கா. அந்த மாற்றத்தை இந்தத் தரைக் கருவி பார்த்துக்கிட்டே இருக்கும். மேல எடுத்ததுல இதைக் கழிச்சாத்தான் பாறையோட கணக்கு சரியா வரும். பக்கத்துல இரும்பு மட்டும் வரவே கூடாது" என்றாள் பிரவீனா.

சுப்பம்மாள் வாயைப் பிளந்தாள். அடேங்கப்பா, நாம் மிதித்துக்கொண்டு திரிகிற மண் வெயிலுக்கு அசைந்து கொடுக்கிறதா! அன்று முழுக்க அவள் அடி எடுத்து வைக்கவே கூசினாள்.

மறுநாளே ரவிக்கை ஊக்கைக் கழற்றி எறிந்துவிட்டு நூலால் தைத்துக்கொண்டாள். எவர்சில்வர் தூக்குப்போசியை ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக் டப்பாவில் சோறு கொண்டுவந்தாள். நிலத்துக்காரர் தங்கமுத்து மொபெட்டில் வந்தபோது, "அங்கியே நில்லுங்கோ! வண்டியோட ஒரு அடி வெச்சீங்கன்னா பொல்லாப்பாயிரும்!" என்று அவருடைய காட்டிலேயே அவரை மறித்தாள். மனுசன் அரண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரவீனா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். தரைக் கருவி எடுத்த அளவு அவளுடைய மடிக்கணினியில் பச்சைக் கோடாக ஓடியது. அது காலையில் எகிறி, மத்தியானம் விழுந்து, மறுபடி எகிறியிருந்தது. அன்று பறந்ததெல்லாம் வீண். காவலுக்கு வேறு ஆளைப் போடும்படி மேலாளர் சொல்லிவிட்டார்.

"யாரை உள்ள விட்டீங்கக்கா?"

"ஒரு காக்கா குருவி வரலீங்க அம்மிணி! மாரியாத்தா மேல சத்தியமுங்க."

பிரவீனாவின் கண் பந்தலடியில் இருந்த துணிப்பையில் விழுந்தது.

"கறிச்சோறுங்க. மிச்சத்த ஊட்டுக்குக் கொண்டுபோலாம்னு வெச்சேன். அங்கதான் நல்ல நெழலு."

பிரவீனா பையைத் தூக்கிக்கொண்டு அப்பால் போனாள். கோடு சட்டென்று இறங்கியது. பையைத் துழாவினாள். சோற்று டப்பாவுக்கு அடியில், துணியில் சுற்றிய தேய்ந்த மாட்டு லாடம்.

"இரும்பு கூடாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

"அது இரும்புங்களா?" சுப்பம்மாள் நிஜமாகவே திகைத்துப் போனாள். "கறிச்சோத்துக்குக் காவலுங்க அம்மிணி. காத்துக்கருப்பு பின்னால வராதுங்க." இத்தனை வருஷத்தில் அந்த லாடத்தை அவள் இரும்போடு சேர்த்து நினைத்ததே இல்லை.

பிரவீனாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இனிமே இது இல்லாம வருவீங்களா? வருவேன்னு சொல்லுங்க, சார்கிட்ட நான் பேசறேன். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

சுப்பம்மாள் லாடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள். அவள் கணவன் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை செய்த காலம். ஒருநாள் அவசரத்தில் லாடம் வைக்காமல், சுடுகாட்டு வழியாக அவனுக்குக் கறிச்சோறு கொண்டுபோனாள். சாப்பிட்ட அன்றே காய்ச்சலில் படுத்தவன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

"நாந்தானுங்க அந்தக் காத்துக்கருப்ப அவருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போயி உட்டேன்."

சுப்பம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று லாடத்தைப் பிரவீனாவின் கையில் திணித்தாள். "இத அந்தக் கோடிக்குக் கொண்டுபோயிருங்க. நான் வாரேன்." அன்றைக்குப் போலவே கறிச்சோற்றுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்டை ஒட்டியிருந்த சுடுகாட்டுக்குள் போனாள். உதடு முணுமுணுக்க, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து கம்பத்தடியில் நின்றாள். அதற்குள் பிரவீனா லாடத்தைக் கோடியில் போட்டுவிட்டுத் திரைக்குத் திரும்பியிருந்தாள்.

"பாருங்க அம்மிணி. எதாச்சும் தெரியுதுங்களா?"

"அக்கா, இதுக்குக் காந்தம் மட்டும்தான் தெரியும்."

"ஆகாசத்துல பறந்துக்கிட்டே மண்ணுக்குள்ள கெடக்கற கல்லக் கண்டுபிடிக்குது. துணியில சுத்தி வெச்ச லாடத்தக் கண்டுபிடிச்சிருச்சு. எம் பின்னால ஒண்ணு வந்திருந்தா அதுக்குத் தெரியாமப் போயிருமுங்களா?"

பிரவீனா ஏதோ விளக்க வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"கோடு அசையவே இல்லக்கா" என்றாள். அது உண்மைதான்.

சுப்பம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மண்ணில் கையை ஊன்றிக்கொண்டு, கணவன் செத்த அன்றுகூட அழாத அழுகை அழுதாள்.

"அப்ப நாங் கூட்டிக்கிட்டுப் போவல," என்றாள். "நான் சோறு மட்டுந்தானுங்க கொண்டுபோனேன்."