பதினோரு மணித் தண்ணீர்

பள்ளிக்கூட பாரத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் 'சயின்டிஸ்ட்' என்று எழுதிக்கொண்டு வந்தீர்கள். நான் திருத்தவில்லை. ஆசையாகக்கூட இருந்தது. நான் பத்தாவது வரை படித்தவன். தண்ணீரைச் சோதிக்கிற ஒரு அரசாங்க ஆபீஸில் பாட்டில் கழுவச் சேர்ந்து, பிறகு ஆற்றில் தண்ணீர் எடுத்து வருகிறவன் ஆனேன். அதுதான் என் வேலை. உங்களுக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்று தெரியும். இந்தியில் இதையெல்லாம் எழுத எனக்கு வராது. மெதுவாகப் படியுங்கள்.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். வாரத்தில் ஒரு நாள் ஆபீஸ் ஜீப்பில் யமுனைக்குப் போவேன். எட்டு பாட்டில், எட்டு இடம். பாட்டிலின் மேல் நம்பர் பெயின்டில் எழுதியிருக்கும். ஐந்தாம் நம்பர், சாக்கடை வந்து ஆற்றில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, கிழக்குக் கரையில். கரையோர மணலில் தர்பூசும் வெள்ளரியும் போடுகிற குடிசைகள் இருபது முப்பது இருந்தன.

தண்ணீர் பிடித்ததும் அங்கேயே இரண்டு மருந்து விட வேண்டும். மூடி நன்றாகக் குலுக்கினால் உள்ளே மேகம் மாதிரி ஒன்று உண்டாகும். பழுப்பாக இருந்தால் தண்ணீரில் பிராணவாயு இருக்கிறது. எவ்வளவு பழுப்போ அவ்வளவு நல்லது. வெள்ளையாகவே நின்றால் ஒன்றுமே இல்லை, மீன்கூட அதில் மூச்சுவிட முடியாது. மீதிக் கணக்கெல்லாம் லேபில் போடுவார்கள். ஆனால் இந்த நிறத்தை முதலில் பார்க்கிறவன் நான். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஜீப் டிரைவர் சர்தார்ஜி கேலி செய்வார்: "அரே மதராஸி, பாட்டிலில் இட்லி வெந்துவிட்டதா? ஜல்தி கரோ!"

ஐந்தாம் நம்பரிலும் பழுப்புதான் வரும். கொஞ்சம் வெளுத்த பழுப்பு, ஆனால் பழுப்பு. ரிப்போர்ட்டில் 'சுமார்' என்று போகும்.

அந்தக் குடிசைகளில் ஒரு அம்மாள் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். மூன்று குழந்தைகள். அவர்கள் குடிப்பது ஆற்றோரம் தோண்டின ஊற்றுத் தண்ணீர்; ஆறு எப்படியோ அதுவும் அப்படி. நடுக்குழந்தைக்கு வயிறு சரியாவதே இல்லை. குழாய் வேண்டும் என்று எங்கேயோ எழுதிக் கொடுக்கப் போனார்களாம். "இந்தத் தண்ணீர் கெட்டது என்று சோதிக்கிற ஆபீஸிலிருந்து காகிதம் கொண்டு வா, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதனால் நான் வரும்போதெல்லாம் அண்ணனைக் கேட்கிற மாதிரி கேட்பாள்.

"பையா, காகஜ் வந்ததா?"

"தண்ணீர் சுமார் என்று வந்திருக்கிறது, பஹன்ஜி."

"சுமாரா? நீ எப்போது வருகிறாய்? வெயில் ஏறின பிறகு. விடிகிறதற்கு முன்னால் ஒரு நாள் வந்து பார். ராத்திரி முழுக்க சாயப்பட்டறைக்காரன் தொட்டியை எல்லாம் திறந்துவிடுகிறான். நாங்கள் தண்ணீர் மொள்ளுகிற நேரம் அது. நீ வருவதற்குள் எல்லாம் ஓடிப் போய்விடுகிறது. உன் பாட்டில் லேட், பையா!"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜீப்பில் ஏறின பிறகுதான் உறைத்தது. ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். ஜீப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, பாட்டில் அடுக்கி, பெட்ரோல் போட்டுப் போய்ச் சேரப் பதினொன்று. எத்தனை வருஷமாக எடுத்தாலும் எங்கள் ஆபீஸுக்குத் தெரிந்த ஆறு பதினோரு மணி ஆறுதான்.

எங்கள் பெரிய அதிகாரி தமிழர். நல்ல மனிதர். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"யார் சொன்னா?"

"தர்பூஸ் போடற அம்மா சார்."

"ஏம்ப்பா, தர்பூஸ்காரி சொன்னான்னு நான் ஃபைல்ல எழுத முடியுமா? நேரத்தை மாத்தணும்னா கமிட்டி மாத்தணும். நோட் போடணும்னா டெக்னிகல் ஸ்டாஃப் போடணும். நீ போடக் கூடாது, அவளும் போடக் கூடாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரூல் அப்படி.

அடுத்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். ஐந்தாம் நம்பர் பாட்டிலையும் மருந்துகளையும் முந்தின நாளே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். காலையில் உங்கள் அம்மா பால் வாங்கக் கிளம்புமுன் சைக்கிளை எடுத்தேன். இரும்புப் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஆற்றுத் தண்ணீர் கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் இருந்தது. அந்த அம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்து விட்டேன். குலுக்கினேன்.

வெள்ளை.

மறுபடி குலுக்கினேன். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

"கெட்டதா?" என்றாள்.

"கெட்டது."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, பிள்ளைகளே. தண்ணீர் கெட்டது என்று கேட்டு ஒரு தாய் சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. பதினோரு மணிக்கு ஜீப்பில் போய் மற்ற ஏழு பாட்டிலையும் நிரப்பினேன். பாரத்தில் நேரம் எழுத வேண்டும். ஐந்தரை மணி என்று எழுதினால் அந்த பாட்டிலை எடுக்கவே மாட்டார்கள், அனுமதி இல்லாத சாம்பிள் என்று கொட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். ஐந்தாம் நம்பருக்கு நேராகவும் 'பதினொன்று பத்து' என்று எழுதிவிட்டேன். உள்ளே இருப்பது உண்மை, வெளியே எழுதினது பொய். உண்மை எப்படியாவது உள்ளே போய்விட்டால் போதும் என்று நினைத்தேன்.

லேபில் ஒரு பெண் இருந்தாள். எம்.எஸ்சி. படித்து, வருஷத்துக்கு வருஷம் தற்காலிகம் என்றே நீட்டிக்கப்பட்டவள். சோதனை எல்லாம் அவள் கைதான். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பையா, இதில் சைபர்தானே?" என்றாள். விதிப்படி எல்லாம் செய்து சைபர் என்றே எழுதினாள்.

அந்த ஒரு சைபருக்காக கமிட்டி கூடியது. மேஜையைச் சுற்றிப் பெரியவர்கள். அவளைக் கூப்பிடவில்லை, தற்காலிகம் அல்லவா. நான் டீ கொண்டு போனதால் உள்ளே இருந்தேன். ஒருவர் கேட்டார், போன வாரம் வரை பழுப்பு வந்த இடத்தில் ஒரே வாரத்தில், அதே பதினோரு மணிக்கு, எப்படி சைபர் வரும்? டிரேயைக் கீழே வைத்தேன். "விடியற்காலையில் எடுத்தேன் சார்" என்று இந்தியில் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பாரத்தை எடுத்துப் பார்த்தார்கள்.

"இதில் பதினொன்று பத்து என்று இருக்கிறதே. எது பொய்? அப்போது எழுதியதா, இப்போது சொல்வதா?"

ஒருவர் சிரித்தார். "விஞ்ஞானி சாஹிப் டீயும் கொண்டு வருகிறார், டேட்டாவும் கொண்டு வருகிறார்."

சாயங்காலம் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜையில் டைப் அடித்த ஒரு தாள்.

"நான் உன்னை நம்பறேன்பா. நிஜமா நம்பறேன். ஆனா நேரத்தைப் பொய்யா எழுதினதுக்கு விசாரணை வெச்சா உன் வேலை போயிடும், குவார்ட்டர்ஸும் போயிடும். பாட்டிலைச் சரியா கழுவலைன்னு எழுதியிருக்கு. சின்னத் தப்பு. கையெழுத்துப் போட்டுட்டுப் போ. குழந்தை குட்டிக்காரன்."

"அப்ப அந்த சைபர் சார்?"

"அடிச்சிடுவாங்க."

"அந்த அம்மாவுக்கு அந்தக் காகிதம் வேணும் சார். குழாய் கேட்டிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "போடுப்பா" என்றார்.

போட்டேன். பத்து வருஷமாக ஒரு பாட்டிலைக்கூட அழுக்காக வைத்ததில்லை. லேபில் அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்ததும், "என்னிடம் சரியான நேரத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா? என் நோட்டில் எழுதியிருப்பேனே" என்றாள். அவளையும் நம்பியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த மார்ச்சில் அவளுக்கு நீட்டிப்பு வரவில்லை. ரிப்போர்ட் அச்சானபோது தலைவர் முதல் டைப்பிஸ்ட் வரை எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தது, அவள் இல்லை. நான் மட்டும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் இருந்தேன்: 'சேகரித்தவரின் பிழை காரணமாக ஒரு முடிவு நீக்கப்பட்டது.'

அந்தக் கோடை முழுக்க ஐந்தாம் நம்பரைக் கரை மேட்டில் நின்றபடி வாளி விட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். தூரத்திலிருந்து, "காகஜ்?" என்று கையால் கேட்பாள். நானும் கையால் 'இன்னும் இல்லை' என்பேன். பிறகு மழை வந்தது, ஆறு ஏறியது, அவர்கள் எல்லோரும் பந்த் என்கிற வெள்ளக் கரை மேலே தார்ப்பாய் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

குளிர் தொடங்கும்போதுதான் திரும்பி வந்தார்கள். தர்பூசுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய பெண் எரு போட்டுக்கொண்டிருந்தாள். சின்னது மணலில் உட்கார்ந்திருந்தது. நான் நடுக்குழந்தையைத் தேடினேன். தேடுவதை அவள் பார்த்தாள்.

"பாதோன் மாதத்தில், அந்த மழையிலேயே போய்விட்டது, பையா. மூன்று நாள் வாந்தி, பேதி."

அன்றைக்கு ஓட முடியவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேரத்தை மாற்றி எழுதினது, தாள், கையெழுத்து, எல்லாம். காகிதம் எங்கேயோ நிற்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தினதே நான்தான் என்றேன். அந்தத் தண்ணீரால்தான் குழந்தை போயிற்று என்று யார் நிரூபிக்க முடியும்? என்னால் முடியாது. ஆனால் அவளிடம் நான் அப்படிப் பேசவில்லை.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள். பிறகு, "கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?" என்றாள்.

"வேலை போயிருக்கும். வீடு போயிருக்கும்."

"உனக்கு எத்தனை?"

"இரண்டு."

"சின்னதுகளா?"

"சின்னதுகள்தான்."

தலையை ஆட்டினாள். "அப்போது சரிதான். நானும் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து அடுத்த குழியை வெட்ட ஆரம்பித்தாள்.

திட்டுவாள் என்றுதான் போய் உட்கார்ந்தேன். திட்டியிருந்தால் இவ்வளவு வருஷம் கழித்து இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.