இரண்டு பேருக்கும் எழுதியவன்

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தொழிலதிபர்களின் பெயரில் பத்திரிகையில் வரும் கருத்துக் கட்டுரைகளை எழுதுவது என் பொறுப்பு. மேலே அவர்களுடைய படம், கீழே கம்பெனியின் பெயர். விளம்பரம் என்றால் தாண்டிப் போகிறவர்கள்கூட இதை உட்கார்ந்து படிப்பார்கள் என்பார் எங்கள் மேலாளர்.

ஊரின் கணபதி பகுதியில் அடுத்தடுத்த பட்டறைகளில் மோட்டார் பம்பு செய்துவந்த இரண்டு நண்பர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். தினமும் ஒரே ஸ்கூட்டரில் பட்டறைக்கு வருவார்கள்; இளையவர் மூத்தவரை அண்ணன் என்றே கூப்பிடுவார். வெளிநாட்டுக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தால்தான் இனிப் பிழைக்க முடியும் என்பது மூத்தவரின் கட்சி. அவர் பெயரில் அதை எழுதினேன். கட்டுரை வந்த அன்று இளையவர் சிரித்துக்கொண்டே ஆபீசுக்கு வந்தார்.

"அண்ணனுக்கு நானொரு பதில் சொல்லோணுமுங்க. அதையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

மேலாளருக்கு ஏக மகிழ்ச்சி.

சொந்தத் தொழிலை நாமே காப்பாற்ற வேண்டும் என்று இளையவருக்காக எழுதினேன். கடைசியில் சுருக்கென்று ஒரு வரி தேவைப்பட்டது. 'பிள்ளைகளின் நாளையை நினைப்பவன் தொழிலை அயலானுக்குக் கொடுக்க மாட்டான்' என்று முடித்தேன். இளையவர் படித்துவிட்டு, நல்லா இருக்குதுங்க என்றார்.

மூத்தவருக்குக் குழந்தை இல்லை. எனக்கு அது தெரியாது. கட்டுரை வந்த மறுநாளிலிருந்து அவர் ஸ்கூட்டரில் தனியாக வருகிறார் என்று கேள்விப்பட்டு, என்னவென்று விசாரித்தபோதுதான் மேலாளர் சொன்னார். அப்போதே கணபதிக்கு ஓடினேன்.

"அந்த வரி என்னோடதுங்க. ரெண்டு கட்டுரையும் நான்தான் எழுதினேன். அவருக்கு அப்படியொரு நெனப்பே இல்லீங்க" என்றேன்.

மூத்தவர் கோபப்படவில்லை. எனக்கு டீ வரவழைத்தார்.

"உங்களுக்கு என்னைப் பத்தி என்னங்க தெரியும்? அவனுக்குத் தெரியுமில்லீங்களா. படிச்சுப் பார்த்துத்தானே சரின்னு சொல்லிப்போட்டான்."

டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இளையவர் இன்னும் மோசமாக உடைந்திருந்தார். "படிக்கறப்ப அண்ணன் நெனப்பே வரலீங்க. எழுத்து நல்லா இருக்குதான்னு மட்டுந்தான் பார்த்தேன். இதைப் போய் நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்லட்டும்?" அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அண்ணனைக் கல்யாணத்துக்கு அழைத்து ஒரு கடிதம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்.

எழுதினேன். கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். ஒவ்வொன்றிலும் வாதம் இருந்தது, வரிசையாகக் காரணங்கள் இருந்தன, முடிவில் அழுத்தமான ஒரு வரியும் தானாக வந்து உட்கார்ந்தது. தேறியதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இளையவர் மெதுவாகப் படித்தார்.

"பேப்பர்ல போடற மாதிரியே இருக்குதுங்க" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. பிறகு அவரே கல்யாணப் பத்திரிகையோடு மூத்தவர் வீட்டுக்குப் போனார். மூத்தவர் வாங்கி வைத்துக்கொண்டார், வாரேன் என்றும் சொன்னாராம்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மண்டப வாசலில் ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் இளையவர் எட்டிப் பார்த்தார். முகூர்த்தம் முடிந்தது. பந்தி பந்தியாக ஆட்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். யாரோ வந்து அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "நீங்க உட்காருங்க, அண்ணன் வந்துறட்டும்" என்றார். மண்டபத்தில் பாத்திரம் கழுவத் தொடங்கியிருந்தார்கள். நான் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.