மலாக்காவில் பந்து பிடித்த மாமா

என்னைவிட அசடான பையனை எங்கள் எஸ்டேட் கண்டதில்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கத் தயார். வானொலியில் பேசுகிறவரால் நம்மைப் பார்க்க முடியும் என்று ஒன்பது வயது வரை நம்பியிருந்தேன். செய்தி தொடங்குமுன் தலை வாரிக்கொள்வேன். மூக்கு நோண்டவேண்டுமென்றால் பெட்டிக்குப் பின்பக்கம் போய்விடுவேன்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம். சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி வேலி. மாலை ஆறு மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யார் சோறு கொடுக்கிறார்கள் என்று எல்லாருக்கும் எல்லார்மீதும் சந்தேகம். பக்கத்து வீட்டில் கூடுதலாக ஒரு தட்டு கழுவினாலே காதைத் தீட்டிக்கொள்ளும் காலம். யாரும் சந்தேகப்படாத ஒரே ஆள், ஆபீஸ் வாசலில் மரப்பெட்டிக்குள் இருந்த வானொலிக்காரர்தான். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. லயத்து வரிசைவீடுகளில் இருந்த பெண்கள் அந்தக் குரலுக்கு ஆளுக்கொரு முகம் செய்து வைத்திருந்தார்கள். தினமும் செய்தி முடிந்ததும் அவர், தெரியாத ஆட்களைக் கண்டால் உடனே சொல்லுங்கள் என்பார். என்னிடம் தனியாகச் சொல்வதுபோலவே இருக்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எஸ்டேட்டின் கோல்கீப்பர். மலாக்கா அணிக்கு முதல்முறையாக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த ஆட்டத்துக்காகக் கல்யாணத்தையே தள்ளிவைத்திருந்தார். எஸ்டேட்டிலிருந்து போனவர் அவர் ஒருவர்தான். மத்தியான பஸ்ஸில் போய், இரவு அங்கே தங்கி, காலையில் திரும்புவதாக ஏற்பாடு.

மாலையில் எஸ்டேட்டே வானொலிமுன் உட்கார்ந்திருந்தது. ஆட்டம் கேட்க மலாய்க்காரப் போலீஸ் சார்ஜனும் வந்திருந்தார். பெட்டியின் சாவி வைத்திருந்த ஆபீஸ் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக் கிராணி, தானே பாடப்போகிறவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு திறந்தார். மலாக்காவில் கொட்டும் மழையாம். வானொலிக்காரர் மாமாவின் பெயரைச் சொன்னார். மாமா சிறுத்தையாகப் பாய்ந்தார், சுவராக நின்றார், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் உருண்டார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

இடைவேளையில், அம்மாவிடம் சொல்லலாமென்று வீட்டுக்கு ஓடினேன். அடுப்படியில், முழங்கால்வரை சேறும் கெண்டைக்காலில் அட்டை கடித்த ரத்தமுமாக, மாமா சோறு தின்றுகொண்டிருந்தார்.

"நீங்க யாரு?" என்றேன்.

"கத்தாதடா. மாமாடா," என்றாள் அம்மா.

"மாமா மலாக்காவுல பந்து புடிக்கிறாரு. இப்பத்தான் கேட்டுட்டு வரேன்."

நடந்தது பிற்பாடு தெரிந்தது. வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பதைத் தூரத்திலேயே பார்த்த மாமா, பையைத் தடவியிருக்கிறார். அடையாளக் கார்டு வீட்டில் கிடந்த இன்னொரு கால்சட்டையில். கார்டில்லாமல் பிடிபட்டால் உள்ளே போகவேண்டியதுதான். வளைவிலேயே இறங்கி, ரப்பர் மரங்களுக்குள் புகுந்து நடந்து, வேலிக்கு அடியில் ஊர்ந்து வந்திருக்கிறார். மலாக்காவில் வேறு யாரோ ஒருவன் அவர் இடத்தில் நின்றான். வானொலிக்காரரோ கையிலிருந்த பெயர்களை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்? வானொலி ஒரு மாமாவைச் சொல்கிறது, அடுப்படியில் இன்னொரு மாமா இருக்கிறார். இரண்டில் எது பொய் என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆளைச் சோதித்தேன்.

"தீவாளிக்கு எனக்கு என்ன வாங்கித் தந்தீங்க?"

"போடா அங்கிட்டு," என்றார், சோற்றுக் கவளத்தோடு.

சந்தேகமே இல்லை, வேஷக்காரன். அம்மா பிடிக்குமுன் பாய்ந்து ஓடினேன்.

"கிராணி சார்! எங்க வீட்டுல ஒரு ஆளு மாமா மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டுச் சோறு தின்னுறாரு!"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. சார்ஜன் எழுந்தார். "மாமா ரெண்டு பேரா?" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். எங்கள் லயம் இருந்த பக்கம் அவர் பார்வை போனது. வேலிக்கு வெளியிலிருந்து சேற்றோடு வந்தவனுக்குச் சோறு போட்ட வீடு என்றால், மாமா மட்டுமல்ல, அம்மாவும் போயிருப்பாள்.

அப்போதுதான் வானொலிக்காரர் அலறினார். பெனால்டி! மாமா இடதுபக்கம் பாய்கிறார்... பிடித்துவிட்டார்! கிராணி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

"இருங்கோ சார்ஜன். உந்தப் பொடியன் போன கிழமை துரையின்ர நாய் தமிழ் கதைச்சதெண்டு சொன்னவன்."

உண்மைதான், சொல்லியிருந்தேன். கூட்டம் சிரித்தது. சார்ஜன் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியையே நம்புவதென்று உட்கார்ந்தார். கிராணிக்கு விஷயம் புரிந்துதான் செய்தாரா, ஆட்டம் கெடுகிறதே என்ற எரிச்சலில் செய்தாரா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

விடியற்காலை ரப்பர் பால்வெட்டப் போகும் கூட்டத்தோடு வெளியேறிய மாமா, முதல் பஸ்ஸில், கார்டோடு, மலாக்காவிலிருந்து வந்திறங்குவதுபோல வந்திறங்கினார். வாசலிலேயே மாலை போட்டார்கள். சார்ஜன் கைகுலுக்கினார். குலுக்கிய கையைத் திருப்பி உள்ளங்கையையும் பார்த்தார்.

"பெனால்டி எப்படிப் பிடிச்சே? காட்டு."

முந்தின நாள் வர்ணனை எங்கள் அடுப்படிவரை கேட்டிருந்தது. மாமா, வானொலி சொன்னபடி இடதுபக்கம் பாய்ந்து, மாலையோடு சேற்றில் விழுந்தார். எல்லாரும் கைதட்டினோம். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியது நான்தான். முந்தின நாள் கண்டது கனவு என்று அம்மா சத்தியம் செய்திருந்தாள். வானொலி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். என் இரண்டு கண்களும் தோற்றுப்போயின.

அதன்பிறகு மாமா கோல் காக்கப் போகவில்லை. மலாக்காவிலிருந்து மறுபடி ஆள் அனுப்பிக் கேட்டார்கள். முழங்கால் வலி என்றுவிட்டார். நடையில் வலி எதுவும் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் ஏங்கிய ஆட்டத்தை வேறொருவன் ஆடிவிட, அதற்கான மாலையை வாய் திறக்காமல் சுமந்தவரின் வலி எங்கே இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. இன்றும் யாராவது ஆட்ட வர்ணனையில் குரலை உயர்த்தினால் என் கை தானாகச் சத்தத்தைக் குறைத்துவிடும்.

மாலை வாங்கிய அன்று சாயங்காலம், அவர் காலை அமுக்கிக்கொண்டே பெருமையோடு கேட்டேன்: "மாமா, மொதல்ல பாஞ்சு புடிச்சீங்களே அது கஷ்டமா, பெனால்டி கஷ்டமா?"

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"ரேடியோவைக் கேளு."