இரண்டாவது கிடாய்

அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. இன்னும் பாலவனத்தத்தில் பஸ் ஏறினாலும் திருச்சுழியில் இறங்கினாலும், "உங்க அண்ணனுக்கு என்ன சீக்கு?" என்று யாராவது கேட்கிறார்கள். "ரெண்டு" என்றால், "ஒரே வயித்துலயா?" என்று என்னை நோயாளியைப் போலப் பார்க்கிறார்கள். இந்த நினைவு மலரை அச்சிடுவதில் என் சுயநலமும் உண்டு. இனிக் கேட்பவர் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

அண்ணன் எம்.ரெட்டியபட்டியில் பிறந்தவர். தகப்பனாரை இழந்தபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. மழையை நம்பிய கரிசலில் பருத்தியும் கம்பும் விதைத்துத் தங்கையைக் கட்டிக்கொடுத்தார், என்னையும் படிக்க வைத்தார். அவர் பாடுபட்டதில் வீணாய்ப் போனது கடைசியாகச் சொன்னது மட்டுமே.

யுத்தம் முடிந்து, பென்சிலின் ஊசி மதுரைக்கு வந்திருந்த சமயம். அண்ணனுக்குக் கடுங்காய்ச்சலும் வயிற்று வலியும் கண்டன. வயிற்றைத் திறந்து பார்த்த மதுரை டாக்டர், இரைப்பையின் சுவரெங்கும் கிருமி புகுந்து சீழ் வைத்திருக்கிறது, இது வெகு அபூர்வம் என்றார். அது போக, உள்ளே புற்றுக்கட்டியும் இருக்கிறது என்றார். சீழுக்கு ஊசி, உடம்பு தேறியதும் கட்டியை அறுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது.

ஊசிக்குச் சீழ் கேட்டது. காய்ச்சல் இறங்கி, அண்ணன் மதினியிடம் கம்பங்கஞ்சி கேட்டார். அங்கேதான் பிடித்தது சனி. காய்ச்சலின்போது எங்கள் தகப்பனாரின் தம்பி சின்னையா குலதெய்வத்துக்குக் கிடாய் நேர்ந்திருந்தார். ஊர் திரும்பியதும் வெட்டிப் பந்தி போட்டார்கள். நானும் இரண்டு பந்தியில் உட்கார்ந்தேன்.

அதன்பின் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே சின்னையா சீறுவார்.

"ஏலே, சாமி கொணமாக்கி, கிடாயையும் வாங்கிக்கிட்டாரு. மறுபடி கத்தி வைக்கப் போனா சாமிய நம்பலைன்னு ஆகிப்போகும்லே!"

அண்ணனும், "வெதச்சிட்டு வாரேன்", "களை எடுத்துட்டு வாரேன்" என்று நாளைக் கடத்தினார். பருத்தி காய் பிடித்தது. அண்ணன் மெலிந்தார். மதினி அழுதார். நான் கத்திக் கத்தி, எங்கள் தெரு நாய்க்கே இரண்டு நோய்க்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது, சின்னையாவுக்குத்தான் தெரியவில்லை.

கடைசியில் கேட்டேன்: "சின்னையா, நேந்தப்ப சாமிகிட்ட என்ன சொன்னீக?"

"காய்ச்சலும் வலியும் எறங்கணும்னு சொன்னேன்."

"கட்டியப் பத்தி ஒரு வார்த்த சொன்னீகளா?"

சின்னையா வெற்றிலைப் பையைத் துழாவ ஆரம்பித்தார்.

"சொல்லாத சீக்கச் சாமி எப்பிடிப் பாப்பாரு? அதுக்குத் தனியா நேர வேண்டாமா?"

அண்ணன் வயிற்றுத் தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வக்கீலா ஆகியிருக்க வேண்டிய பய. அஞ்சாப்போட நின்னுட்டானே! சரி சின்னையா, இன்னொரு கிடாய நேந்து விடுங்க. நான் மதுரைக்குப் போயிட்டு வாரேன்."

போனோம். மறுபடி திறந்த டாக்டர், கட்டி கல்லீரலுக்கு ஏறிவிட்டதைக் கண்டு அப்படியே தைத்து மூடினார்.

வீட்டில் அண்ணன் படுத்திருந்த கட்டிலருகே நின்றுதான், சாமி குற்றம் வராமலிருக்க அந்தக் கிடாயையும் வெட்டிவிடலாமா என்று சின்னையா கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. அண்ணன் கையை அசைத்தார்.

"எதுக்கு? நான் பொழச்சாத்தான அது சாகணும்? எங்க ரெண்டு பேருல ஒருத்தராச்சும் பொழச்சுக் கெடக்கட்டும், விடுங்க."

அதற்கு மறுவாரம் அவர் போய்ச் சேர்ந்தார்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், வண்டி கட்டிக்கொடுத்தவர்களுக்கும், பருத்தி எடுத்துக்கொடுத்த பெண்மக்களுக்கும், மதினியைத் தனியே விடாத தங்கைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சின்னையாவுக்கும்தான், அவரும் அண்ணன் பிழைக்கத்தான் நேர்ந்தார்.

கிடாய் கொழுத்துத் திரிகிறது. அண்ணனின் அருங்குணங்களை விரிவாக எழுதியிருந்த முதல் தாளை அதுதான் தின்றது. உங்கள் புஞ்சையிலும் மேய்கிறதாகப் புகார் வருகிறது. திட்டுங்கள், விரட்டுங்கள். கல்லெடுத்து மட்டும் எறியாதீர்கள். அது அண்ணன் விட்டுப்போன உயிர்.