டாட்ஜும் மாரிஸும் தேவநேசனும்

குன்னூரில் ஜானகி அம்மாள் பங்களாவில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று டாட்ஜ், ஆறு சிலிண்டர், சோபா மாதிரி சீட்டுகள், பாதிக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொள்ளும். மற்றது மாரிஸ் மைனர். நாலு சிலிண்டர், மொத்தமே இரண்டு கதவு. இரண்டையும் ஓட்டியவர் தேவநேசன். மனைவி இறந்தபின் ஷெட்டை ஒட்டிய அறையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, பேச ஆளில்லாமல் ரேடியேட்டரைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர்.

அம்மாளின் கணவரான முதலாளி உயிரோடிருந்தவரை டாட்ஜ்தான். பின்சீட்டிலிருந்து "போ", "நிறுத்து" தவிர வேறு வார்த்தை வராது. அவர் காலமானபின், ஒருத்திக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று அம்மாள் மாரிஸை எடுக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் மூட்டுவலி வைத்தியத்துக்கு ஊட்டி. மாரிஸில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்கி நுழையவேண்டும். அம்மாளின் முழங்கால் அதற்கு ஒப்பவில்லை. டிரைவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஊர் முணுமுணுத்தது, முணுமுணுக்கட்டுமே.

அருவங்காடு தாண்டினாலே மாரிஸுக்கு மூச்சு வாங்கும். லவ்டேல் மேட்டில் ஓரங்கட்டி ஆறவிடவேண்டும். அந்த நேரமெல்லாம் பேச்சுதான்.

"நேத்து என்னங்க கொழம்பு?"

"கருவாடுங்கம்மா."

"அய்யே!" என்று மூக்கைப் பிடிப்பார் அந்தச் சைவக்கார அம்மாள். உடனே, "அதுக்குப் புளி ஊத்துவீங்களா?" என்பார். அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துத்தான் தேவநேசன் மற்ற நாட்களைத் தள்ளினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் பம்பாயிலிருந்து மகன் கருணாகரன் வந்தார். ஒரு வண்டி போதும், மற்றதை விற்றுவிடலாம் என்றார். "நீங்க சொல்லுங்க தேவநேசன், எது நல்ல வண்டி?"

டிரைவரிடம் வண்டியைப் பற்றிக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா?

"டாட்ஜுக்கு ஈடே இல்லீங்க. லவ்டேல் மேட்ட அப்படியே தூக்கிட்டுப் போயிருமுங்க. மாரிஸ் பொம்மை வண்டிங்க. வழியில நிறுத்தித் தண்ணி காட்டோணும்."

"அப்ப டாட்ஜே இருக்கட்டும். அம்மாவ வழியில நிறுத்தற வண்டி வேண்டாம்."

அப்போதுதான் தேவநேசனுக்கு உறைத்தது. "சின்னதும் நல்ல வண்டிதானுங்க... அம்மாவுக்குப் பழகிருச்சு..." என்று இழுத்தார்.

"இப்பத்தானே பொம்மைன்னீங்க?" என்று சிரித்தார் கருணாகரன்.

அம்மாளும், "உன் இஷ்டம்ப்பா" என்றதோடு சரி. டிரைவரோடு பேசிக்கொண்டு போகப் பிடிக்கும் என்று எந்தத் தாய் மகனிடம் சொல்வாள்? அந்த வாரமே வெலிங்டன் வாத்தியார் ஒருவர் வந்து மாரிஸை ஓட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அம்மாள் டாட்ஜின் முன்கதவருகே வந்து நின்றார். வாசலில் மகன் நின்றிருந்தார். தேவநேசன் பின்கதவைத் திறந்துவிட்டார். அம்மாள் ஏறினார். மகன் பம்பாய் திரும்பிய பிறகும் பின்னாலேயே ஏறினார். அகலமாய்ப் பின்கதவு இருக்கும்போது முன்னால் உட்கார என்ன காரணம் சொல்வது?

ஒருநாள் டாட்ஜ் லவ்டேல் மேட்டை நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அம்மாள் ஏதோ கேட்டார். என்ஜின் சத்தத்தில் காதில் விழவில்லை.

"என்னங்கம்மா?"

"ஒண்ணுமில்லீங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."